கேம்பரின் பின்னால் ஜெனரேட்டர் கேரியர்: பம்பரிலா, ஃபிரேமிலா, வேறு இடத்திலா?

டிராவல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் கேம்பர், வாங்கியவர்கள் முதல் கோடைக்குள் வந்து சேரும் கேள்வி இது: ஜெனரேட்டரை எங்கே வைத்துக் கொண்டுபோவது? பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, பின்பக்கச் சரக்குத் தளமான பெட்டில் தூக்கி வைத்து, சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். எஸ்யூவியில் இழுப்பவர்களுக்குத்தான் தலைவலி. பெட்ரோல் ஊற்றிய மெஷினைக் குழந்தைகள் உட்காரும் வண்டிக்குள் வைக்க முடியாது, டிரெய்லருக்குள் வைத்தால் மெத்தை, துணி, அரிசிப் பை என எல்லாவற்றிலும் பெட்ரோல் நெடி ஏறிவிடும், ஆக மிச்சம் இருப்பது டிரெய்லரின் மூக்கும் வாலும்தான். வால் பக்கம் ஒரு சதுர பம்பர் இருக்கிறது, பார்த்தால் கெட்டியாகத் தெரிகிறது, அதில் மாட்டுகிற கேரியர் கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது. மாட்டிவிடலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பரில் வேண்டாம். பின்பக்கம்தான் என்று முடிவாகிவிட்டால் டிரெய்லரின் அடிச்சட்டமான ஃபிரேமில் இரண்டு ரிசீவர் (செருகிப் பூட்டும் சதுரக் குழாய்) வைத்து, கேரியரை அதில் செருகிக்கொள்வதுதான் சரி. ஆனால் பின்பக்கம்தானா என்பதையே கொஞ்சம் கேட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு அது தேவைப்படாது.

மெஷின் எவ்வளவு கனம்?

கேரியரைப் பற்றிய பேச்சு ஜெனரேட்டரின் எடையில் தொடங்க வேண்டும், ஜெனரேட்டரின் எடையோ ஏசியில் தொடங்குகிறது. விளக்கு, ஃபோன் சார்ஜ், தண்ணீர் பம்பு, ராத்திரி ஹீட்டர் ஃபேன் இவ்வளவுதான் உங்கள் தேவை என்றால் ஜெனரேட்டரை மறந்துவிடுங்கள். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 1.28 கிலோவாட்-அவர் இருக்கிறது, கூரையில் ஓரிரு சோலார் பேனலும் இருந்தால் இந்த வேலைகளுக்குத் தாராளம், சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை. கூரையிலிருக்கும் 13,500 பிடியூ ஏசி வேறு கதை. ஓடும்போது 1,500 வாட் அளவில் இழுக்கும், அதே பேட்டரி அதற்கு ஒரு மணி நேரம்கூட வராது. அரிசோனாவிலோ டெக்சஸிலோ ஜூலை மாதம் மின் இணைப்பு இல்லாத இடத்தில் டிரெய்லரை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஜெனரேட்டர் வேண்டும், அதில் மறுபேச்சில்லை.

ஹோண்டா ஈயு2200ஐ போன்ற சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் காலி டேங்கோடு 47 பவுண்டு, ஒரு கையில் தூக்கிவிடலாம். பெட்டியில் 2,200 வாட் என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து தருவது 1,800தான். அதில் 13,500 ஏசி ஓடும், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும், அதனால் கம்ப்ரசரை மெல்லக் கிளப்பிவிடும் சாஃப்ட் ஸ்டார்ட் என்ற சின்னக் கருவியை ஏசிக்குள் பொருத்த வேண்டியிருக்கும். உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஆயிரம் அடிக்கு 3.5 சதவீதம் சக்தி குறையும். 7,000 அடியில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் போனால் 1,800 வாட் 1,360 ஆகிவிடும், ஏசி ஓடாது. அங்கே ஏசி அவ்வளவாகத் தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

அதற்கு அடுத்த அளவு 3,500 வாட் இன்வெர்ட்டர் வகை, சுமார் 100 பவுண்டு, சக்கரமும் இழுக்கும் கைப்பிடியும் வைத்து வரும். ஹோண்டாவின் ஈயு3000ஐஎஸ் 130 பவுண்டு பக்கம், பெட்ரோல் நிரப்பினால் இன்னும் 20 பவுண்டு கூடும். அதற்குப் பதில் இரண்டு 2200ஐ வாங்கி பேரலல் கேபிளில் இணைத்தால் 3,600 வாட், மொத்தம் 94 பவுண்டு, ஆனால் தனித்தனியாகத் தூக்கலாம். விலை கூடுதல்தான். முதுகுவலி உள்ளவர்கள் அந்த விலையைக் கொடுத்துவிடுவது நல்லது.

இப்போதெல்லாம் பெட்ரோல், புரொப்பேன் இரண்டிலும் ஓடுகிற மெஷின்கள் நிறைய வருகின்றன. கேரியரில் வைக்கிறவர்களுக்கு இவை மிக வசதி, டேங்கைக் காலியாக வைத்துப் பயணம் செய்து, போய்ச் சேர்ந்த பிறகு டிரெய்லரின் சிலிண்டரிலிருந்தே ஓட்டிக்கொள்ளலாம். பின்னால் யாராவது வந்து இடித்தால் அங்கே பெட்ரோல் இருக்காது என்பது பெரிய நிம்மதி. சக்தி பத்து சதவீதம் அளவில் குறையும். ஒன்றே ஒன்று, இந்த மெஷின்களுக்கென்று தனி ரெகுலேட்டர் வரும், டிரெய்லரில் அடுப்புக்காக வைத்திருக்கும் குறைந்த அழுத்த இணைப்பில் இன்னொரு ரெகுலேட்டரோடு இதைச் சேர்த்தால் கேஸ் போதாமல் மெஷின் இருமிக்கொண்டே இருக்கும்.

அங்கேயே ஓட்டுவதா, இறக்கி ஓட்டுவதா?

கேரியர் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது, போன இடத்தில் அப்படியே கேரியரில் வைத்தே ஸ்டார்ட் செய்துவிடலாம் என்பதுதான். நான் இதற்கு எதிர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஜெனரேட்டரை ஜன்னல், கதவு, காற்றோட்டத் துளைகளிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்கச் சொல்கிறது. பின் கேரியரில் அது சுவரிலிருந்து இரண்டடியில் நிற்கிறது, பல டிரெய்லர்களில் அந்தச் சுவருக்குப் பின்னால் குழந்தைகள் படுக்கும் பங்க் இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, டிரெய்லரின் அடியில் குழாய்க்கும் வயருக்கும் போட்ட ஓட்டைகள் வழியாகவே உள்ளே வந்துவிடும். புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோகிற நிமிர்ந்த குழாய்கள் விற்கிறார்கள், உதவும்தான், ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யார் சொல்வது? கம்பெனியே உள்ளே பொருத்தித் தரும் ஜெனரேட்டர் வேறு, அதற்கு மூடிய அறையும் வெளியே போகும் சைலன்சர் குழாயும் சேர்த்தே வடிவமைத்திருப்பார்கள். பின்னால் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும் மெஷினுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ஆக என்னைப் பொறுத்தவரை கேரியர் என்பது சுமக்க மட்டும். அப்படியென்றால் 100 பவுண்டு மெஷினை இரண்டரை அடி உயரத்திலிருந்து இறக்க வேண்டும், திரும்ப ஏற்றவும் வேண்டும். தட்டைத் தாழ்வாகக் கட்டுவது, மடக்கும் அலுமினிய ரேம்ப் ஒன்றைச் செருக இடம் விடுவது, மெஷினின் சக்கரம் ரேம்ப் பக்கம் பார்க்கும்படி வைப்பது, இதெல்லாம் வெல்டிங்குக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை. தேசியப் பூங்காக்களில் இறக்கி ஏற்றும் வேலை அடிக்கடி வரும், ஜெனரேட்டர் நேரம் அங்கே கறார். யோசமிட்டி முகாம்களில் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7, அவ்வளவுதான். மதியம் மூன்று மணிக்கு, ஏசி எப்போது வேண்டுமோ அப்போது, ஓட்ட முடியாது! சத்தமும் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பூங்காக்களுக்கான விதி, அதனால் கட்டுமான இடங்களில் ஓடும் மலிவான திறந்த ஃபிரேம் ஜெனரேட்டர்களை விட்டுவிடுங்கள்.

வாலில் ஏற்றினால் மூக்கு தூக்கும்

இந்த இடத்தைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரும்பு தாங்குமா என்று கேட்கிறார்கள், டிரெய்லர் நேராக ஓடுமா என்று கேட்பதில்லை.

டிராவல் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இழுக்கும் வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் உட்கார வேண்டும். இதைத்தான் டங் வெயிட் என்கிறோம். அது பத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், நெடுஞ்சாலையில் ஒரு பெரிய டிரக் முந்திப் போகும்போது அந்தக் காற்றே போதும். அச்சுக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு பவுண்டும் சீசா பலகையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த மாதிரி இந்த எடையைக் குறைக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சாமான் ஏற்றிய டிரெய்லர் 5,500 பவுண்டு, டங் வெயிட் 660, அதாவது 12 சதவீதம், நல்ல நிலை. ஹிட்ச் பந்திலிருந்து இரண்டு அச்சுகளின் நடுப்புள்ளி 15 அடி, அங்கிருந்து கேரியரின் நடு 12 அடி. கேரியரில் ஜெனரேட்டர் 100, கேரியரின் இரும்பு 70, பெட்ரோல் கேன், சங்கிலி, உறை எல்லாம் சேர்த்து 30, மொத்தம் 200 பவுண்டு. 200ஐ 12ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால் 160. டங் வெயிட் 660இலிருந்து 500க்கு இறங்கிவிடும், மொத்த எடை 5,700 ஆகிவிட்டது, இப்போது 8.8 சதவீதம். கோட்டுக்குக் கீழே. அச்சுகளின் மேல் கூடியது 200 இல்லை, 360 பவுண்டு, ஏனென்றால் பந்திலிருந்து கிளம்பின 160ம் அங்கேதான் போய் உட்கார்கிறது. டயரும் ஸ்பிரிங்கும் ஏற்கெனவே எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் இதையும் பார்க்க வேண்டும்.

முன்னால் சாமானை ஏற்றிச் சமன் செய்துவிடலாமே என்பார்கள். சதவீதம் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் இரண்டு முனைகளிலும் கனம் இருக்கிற டிரெய்லர் ஒருமுறை ஆடத் தொடங்கிவிட்டால் அடங்க நேரமெடுக்கும், நடுவில் கனம் உள்ளது சீக்கிரம் அடங்கும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 40 கேலன் தண்ணீர் 330 பவுண்டுக்கு மேல், அந்தத் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்து, போகும்போது நிறைத்துக்கொண்டு போய், வரும்போது காலியாக வந்தால், வீடு திரும்பும் வழியில் டங் வெயிட் இன்னும் குறைந்திருக்கும். பாத்ரூம் பின்பக்கம் உள்ள மாடல்களில் கழிவுத் தொட்டியும் பின்னால்தான் இருக்கும், அதைக் காலி செய்யாமல் கிளம்பினால் கேட்கவே வேண்டாம்.

இதற்கெல்லாம் ஊகம் உதவாது. டிரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் ஏறி எடை போட்டுப் பாருங்கள், கேரியர் இல்லாமல் ஒருமுறை, இருநூறு பவுண்டுக்கு மணல் மூட்டையைப் பின்னால் வைத்து ஒருமுறை. கேரியர் செய்வதற்கு முன்பே விடை கிடைத்துவிடும். இப்போதே 11 சதவீதத்தில் நிற்கிற டிரெய்லர் என்றால் பின் கேரியர் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம், இந்தக் கட்டுரையின் மிச்சத்தில் முன்பக்கத்தைப் பற்றிய பகுதி மட்டும் உங்களுக்கு.

பம்பர்

டிராவல் டிரெய்லரின் பின்னால் இருக்கும் நாலு அங்குலச் சதுரக் குழாயைக் கார் பம்பரைப் போல நினைத்துவிடக் கூடாது. கழிவுநீர் ஹோஸைச் சுருட்டி உள்ளே தள்ளி இரண்டு பக்கமும் மூடி போட்டுக்கொள்ள வைத்த குழாய் அது, மெல்லிய தகடு. ஃபிரேமோடு அதைச் சேர்த்திருப்பது இரண்டு முனைகளிலும் சில அங்குல வெல்டிங். ஸ்டெப்னி டயரை அதில் மாட்டித் தருகிறார்களே என்று கேட்டால், டயரின் கனம் பம்பரை ஒட்டியே இருக்கிறது, கேரியரில் கனம் இருபது அங்குலம் வெளியே தொங்குகிறது. தொங்குகிற கனம் பம்பரைக் கீழே வளைப்பதைவிட முறுக்குகிறது, முறுக்கு நேராக அந்த முனை வெல்டிங்கில் போய் உட்கார்கிறது.

நண்பர் ஒருவர் சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டி ஓட்டிய டிரெய்லரின் அடியில் படுத்துப் பார்த்தேன். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில், பம்பர் ஃபிரேமைத் தொடும் இடத்தில், கறுப்பு பெயின்ட்டின் மேல் தலைமுடி அளவு கோடு, அதிலிருந்து மழைநீர் வழிந்த தடத்தில் செம்பழுப்புத் துரு. வெல்டிங்கின் மேல்விளிம்பில் தொடங்கி முக்கால்வாசி தூரம் போயிருந்தது. டார்ச் இல்லாமல் அது கண்ணில் பட்டிருக்காது.

பம்பரில் யூ-போல்ட்டால் இறுக்கும் ரிசீவர்கள் கிடைக்கின்றன, பெட்டியில் 200 பவுண்டு என்றெல்லாம் போட்டிருக்கும். அது அந்த ரிசீவரின் அளவு, உங்கள் பம்பரின் அளவு இல்லை. டிரெய்லரோடு வந்த கையேட்டைப் பிரித்தால் பம்பரில் எதையும் மாட்டாதே என்று எழுதியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பம்பரிலிருந்து ஃபிரேமுக்குக் குறுக்காகப் போடும் தாங்கு கம்பிகளும் கிடைக்கின்றன. பம்பர் முறுக்குவதை அவை நன்றாகவே குறைக்கும், முழுக்கக் கழன்று சாலையில் விழாமலும் காக்கும். 47 பவுண்டு ஜெனரேட்டரைக் கொஞ்ச தூரம் கொண்டுபோக அதுவரை ஒத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் பம்பரோடு மல்லுக்கட்டாமல் ஃபிரேமுக்குப் போய்விடுவது மேல்.

ஃபிரேமில் ஒற்றை ரிசீவர்

இரண்டு ஃபிரேம் பீம்களுக்கும் நடுவே குறுக்கே ஒரு குழாய், நடுவில் இரண்டு அங்குல ரிசீவர், அகலத்தைக் கூட்டிக் குறைக்கும்படி ரெடிமேடாகவே வருகிறது. போல்ட் போட்டு இறுக்கினால் முடிந்தது. அதில் எந்தக் கடைக் கேரியரையும் செருகலாம். வெல்டிங் தெரியாதவர்களுக்கு நடைமுறையில் இதுதான் வழி.

குறை இரண்டு. காரில் மாட்டும்போது 500 பவுண்டு தாங்கும் கேரியரை டிரெய்லரில் மாட்டினால் பாதிதான் கணக்கு என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், சிலர் டிரெய்லரில் மாட்டவே கூடாது என்கிறார்கள். காரணம் எளிது. காரின் பின்முனை அச்சிலிருந்து மூன்று நாலு அடி, டிரெய்லரின் பின்முனை பத்துப் பன்னிரண்டு அடி, ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் வால் சாட்டையைப் போல அடிக்கும். இரண்டாவது குறை, ஐந்தடி அகலத் தட்டு நடுவில் ஒரே தண்டில் நிற்கிறது. ஜெனரேட்டர் ஒரு பக்கமும் பெட்ரோல் கேன் இன்னொரு பக்கமும் இருந்தால் தட்டு இடவலமாக ஆடிக்கொண்டே போகும். ஆட்டத்தை நிறுத்த ரிசீவரில் இறுக்கும் கிளாம்ப் போடலாம், போடவும் வேண்டும், ஆனாலும் ஒரு தண்டு ஒரு தண்டுதான்.

இரண்டு ரிசீவர், சொந்தக் கேரியர்

நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு ஃபிரேம் பீம்களின் அடியிலோ உட்பக்கமாகவோ ஆளுக்கொரு ரிசீவர் குழாய், வெளி அளவு இரண்டரை அங்குலம், உள்ளே இரண்டு அங்குலம். கேரியரின் இரண்டு கைகளும் இரண்டு அங்குலச் சதுரக் குழாய், கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான 3/16 கனம். அடிக்கு 4.3 பவுண்டு வரும், நாலு அடிக் கை இரண்டும் சேர்ந்து 35 பவுண்டு. கை தாங்குமா என்ற கவலை வேண்டாம். 200 பவுண்டு ஃபிரேம் முனையிலிருந்து இருபது அங்குலம் தள்ளி இருந்தால், பள்ளத்துக்காக மூன்று மடங்கு வைத்துப் பார்த்தாலும், இரண்டு கைகளிலும் வரும் அழுத்தம் அந்தக் குழாய் இரும்பு வளையத் தொடங்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்குதான். இன்னும் கனமான குழாய் போடுகிறேன் என்று எடையைக் கூட்டாதீர்கள், அதுவும் வாலில்தான் ஏறுகிறது.

உடைகிற இடம் கை இல்லை, ஃபிரேமோடு அது சேருகிற இடம். அதனால் ரிசீவர் குழாயை ஓரடியோடு நிறுத்தாமல் ஃபிரேமின் ஓரமாக இரண்டு மூன்றடி முன்னால் கொண்டுபோய், முன்முனையிலும் பின்முனையிலும் பிடியுங்கள். பிடிகளின் இடைவெளி ஒரு அடியிலிருந்து இரண்டடி ஆனால், பிடி ஒவ்வொன்றிலும் நெம்புகிற விசை பாதியாகிவிடும். டிரெய்லர் ஃபிரேம் லாரி ஃபிரேம் இல்லை, மெல்லிய தகட்டில் செய்த ஐ-பீம், ஒரே இடத்தில் நெம்பினால் ஃபிரேமே நெளியும்.

போல்ட்டா வெல்டிங்கா? போல்ட் என்றால் பீமின் நடுத்தகட்டில் மட்டும் துளை போடுங்கள், மேலும் கீழும் உள்ள தட்டையான பட்டைகளில் கூடாது, வளைவைத் தாங்குவது அவைதான். அரை அங்குல கிரேடு 8 போல்ட், நைலாக் நட்டு, பின்னால் ஒரு பெரிய பிளேட். குழாய்க்குள் போல்ட் போகிற இடத்தில் ஒரு துண்டு பைப்பை உள்ளே வைத்து வெல்டிங் பிடித்துவிட்டால், இறுக்கும்போது குழாய் நசுங்காது. வெல்டிங் என்றால் பட்டையின் நீளவாக்கில் பிடிக்க வேண்டும், குறுக்கே ஒரு கோடு இழுத்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும், அதற்கு மேலே பஞ்சு, பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய், வயர், அதற்கு மேலே மரத்தளம். ஷீட்டைப் பிரித்து ஒதுக்காமல், பேட்டரியைக் கழற்றாமல், பக்கத்தில் தீயணைப்பானும் ஆளும் இல்லாமல் பற்றவைக்கக் கூடாது. டிரெய்லர் வாரன்டியில் இருந்தால் ஃபிரேமில் கை வைப்பதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். வெல்டிங் பழக்கமில்லாதவர்கள் தட்டை வேண்டுமானால் செய்து பழகலாம், ஃபிரேமில் வரும் வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுவது உத்தமம்.

தட்டுக்கு ஒன்றரை அங்குல ஆங்கிளில் சட்டம், அதன் மேல் வலைத்தகடு. செக்கர் பிளேட் அழகாக இருக்கும், ஆனால் தண்ணீரும் சேறும் நிற்கும், கனமும் அதிகம். அலுமினியத்தில் செய்யலாமா என்றால் தட்டை மட்டும் செய்யலாம், எடை மூன்றில் ஒரு பங்கு, கைகளை இரும்பிலேயே வையுங்கள், வெல்டிங் பிடித்த இடத்தில் அலுமினியம் பலத்தை நிறைய இழந்துவிடும். ஜெனரேட்டரின் ரப்பர் கால்கள் உட்கார்கிற இடத்தைச் சுற்றி ஆங்கிளை நிமிர்த்தி ஒரு விளிம்பு கட்டிவிட்டால் மெஷின் நகரவே நகராது, ராட்செட் ஸ்ட்ராப்பின் வேலை கீழே அழுத்திப் பிடிப்பது மட்டுமாக இருக்கும். இல்லாவிட்டால் ஸ்ட்ராப்பை ரப்பர் நசுங்கும் வரை இறுக்க வேண்டி வரும், அடுத்த ஐம்பது மைலில் அது தளர்ந்தும் போகும்.

பூட்டு, சங்கிலி பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சங்கிலியைக் கைப்பிடியில் கோக்காமல் ஃபிரேமில் கோத்துவிடுங்கள், பிளாஸ்டிக் கைப்பிடியை அறுக்க ஒரு நிமிடம் ஆகாது. கேரியரை ரிசீவரில் பிடித்து நிறுத்தக் குறுக்கே செருகும் ஊசியையும் பூட்டு உள்ளதாக வாங்குங்கள்.

உறை கட்டாயம் வேண்டும், மண் சாலையில் டிரெய்லரின் பின்சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று புழுதியை வாரி இழுக்கும், பத்து மைல் போனால் ஏர் ஃபில்டர் மாவு சலித்த மாதிரி ஆகிவிடும். ஆனால் உறையைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மூடிய இரும்புப் பெட்டி செய்து அதற்குள் ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள், காற்றோட்டம் இல்லாமல் சூடேறி நின்றுவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

மறந்துபோகிற மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, பின்னால் உள்ள சிவப்பு விளக்குகளும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது, மறைந்தால் கேரியரின் வெளி விளிம்பில் விளக்குகளை மறுபடி பொருத்தியாக வேண்டும். இரண்டு, டிரெய்லரின் பின்பக்க ஜன்னலில் சிவப்புக் கைப்பிடி இருந்தால் அது தீ விபத்தில் வெளியே குதிக்கிற வழி, அதன் நேர் கீழே ஜெனரேட்டரையும் பெட்ரோலையும் வைப்பது எப்படிப்பட்ட யோசனை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, பெட்ரோல் பங்க் நுழைவில் உள்ள சரிவு. வால் இரண்டரை அடி நீண்டுவிட்டது, கைகள் ஃபிரேமுக்கு அடியில் இருக்கின்றன, ஏறும்போது முதலில் தரையைத் தொடுவது அவைதான். இதனால்தான் ரேம்புக்காகத் தட்டைத் தாழ்த்துவதிலும் ஓர் அளவு வேண்டும் என்கிறேன், ஃபிரேமின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முன்பக்கம்

டிரெய்லரின் முன்னால் ஏ வடிவ ஃபிரேமில், புரொப்பேன் சிலிண்டர்களுக்கும் டிரெய்லர் உடம்புக்கும் நடுவே சின்ன இடம் இருக்கும். 47 பவுண்டு ஜெனரேட்டருக்கு ஒரு தட்டு போட்டால் மொத்தம் 65, 70 பவுண்டுதான், அது ஏறத்தாழ முழுசாக டங் வெயிட்டில் கூடும். வாலாட்டம் வராது, வந்தால்கூடக் குறையும். ஆனால் அந்த 70 பவுண்டு இழுக்கும் வண்டியின் பின் அச்சில் போய் இறங்குகிறது. ஐந்து பேர், அவர்கள் பெட்டிகள், டங் வெயிட் எல்லாம் சேர்ந்து டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பேலோடுக்குள், அதாவது வண்டி சுமக்கக்கூடிய எடைக்குள், வர வேண்டும், எஸ்யூவிகளில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். 130 பவுண்டு மெஷினை முன்னால் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த மெஷினாக இருந்தாலும் சிலிண்டருக்கும் பேட்டரிக்கும் பக்கத்தில் வைத்து ஓட்டுவது அறவே கூடாது. சின்ன மெஷின் என்பதால் தூக்கி இருபதடி தள்ளி வைக்க ஒரு நிமிடம்தான்.

பிக்கப் மேல் உட்காரும் டிரக் கேம்பர்களுக்குப் பின் கேரியர் இன்னும் சிக்கல், கேம்பரே டெயில்கேட்டைத் தாண்டி நீண்டிருக்கும், அதையும் தாண்ட ஹிட்சுக்கு நீட்டிப்பு வேண்டும், நீட்ட நீட்டத் தாங்கும் எடை குறையும், முன் சக்கரத்தின் மேல் உள்ள எடையும் குறையும். பிக்கப் பெட்டுக்குள் உள்ள ஹிட்ச்சில் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர்களுக்கு இது எளிது, முன்னால் உள்ள கிங்பின் என்ற இணைப்பின் மேல் இருபது சதவீதம் அளவில் எடை இருப்பதால் வாலில் 200 பவுண்டு ஏறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் உள்ளேயே ஜெனரேட்டர் இருக்கும், அவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், பிக்கப் இருந்தால் பெட். எஸ்யூவியும் சின்ன மெஷினும் என்றால், பேலோடு இடம் கொடுத்தால், முன்பக்கம். எஸ்யூவி, 100 பவுண்டு மெஷின், கேட் ஸ்கேலில் மணல் மூட்டையோடும் டங் வெயிட் 11 சதவீதத்துக்குக் குறையாமல் நிற்கிற டிரெய்லர், இந்த மூன்றும் சேர்ந்தால் இரட்டை ரிசீவர். அதே மெஷின், ஆனால் டங் வெயிட் போதாது என்றால், கேரியருக்குச் செலவு செய்யும் பணத்தைச் சின்ன மெஷினில் போட்டு, முதலில் ஒன்றை மட்டும் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, ஏசியில் சாஃப்ட் ஸ்டார்ட் பொருத்திப் பாருங்கள், அநேகமாக இரண்டாவதை வாங்க வேண்டியே வராது.

கேரியர் கட்டி முடித்தவர்கள் முதல் ஓட்டத்தில் ஐம்பது மைலில் நிறுத்தி, எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு சுற்று பாருங்கள். பெயின்ட் காய்ந்த பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அடுத்த முறையிலிருந்து ரெஞ்சை எடுக்காமலே எது திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.